இன்னும் ஒரு தோசை: மேல்நிலைப் பொருளியல் எப்படி இயங்குகிறது?

ஒட்டன்சத்திரத்தில் அக்கா வீடு. ஞாயிற்றுக்கிழமைக் காலை. அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் மகள் அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தை விரித்துவைத்து, ஒரே வரியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்: "குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி." மறுநாள் தேர்வு.

"சித்தி, பேரைச் சொல்றதுக்குள்ளயே மூச்சு வாங்குது. இதுக்கு விளக்கம், அட்டவணை, வரைபடம் எல்லாம் வேற எழுதணும்."

நான் மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் நடத்துகிறவள். அந்தக் குரலை வருடா வருடம் ஜூன் மாதத்தில் கேட்கிறேன். புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, கையில் தட்டைக் கொடுத்தேன்.

முதல் தோசை வந்தது. பசி. சட்னி வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. "இதுக்கு இருபதுக்கு எத்தனை மார்க் போடுவே?" என்றேன். "இருபது" என்றாள். இரண்டாவதற்கு 15. மூன்றாவதற்கு 10. நான்காவதற்கு யோசித்து 5. ஐந்தாவதைத் தட்டில் போட்டபோது, "சாப்பிடலாம், சாப்பிடாமலும் இருக்கலாம்" என்றாள். அது பூஜ்யம். ஆறாவதைக் கரண்டியில் எடுத்ததும் தட்டைக் கையால் மூடினாள். வற்புறுத்தி ஊட்டினால் வயிறு கனக்கும். அதற்குக் கழித்தல் 5.

இப்போது கூட்டிப் பார்க்கச் சொன்னேன். 20, 35, 45, 50, 50, 45. மொத்தப் பயன்பாடு ஏறிக்கொண்டே போய், ஐந்தாவது தோசையில் நின்று, ஆறாவதில் இறங்குகிறது. எங்கே கூடுதல் தோசையின் பயன்பாடு பூஜ்யமோ அங்கேதான் மொத்தம் உச்சத்தில் நிற்கிறது. புத்தகத்தின் அட்டவணையில் இருந்ததும் இதேதான். 1854-இல் ஜெர்மானியரான கோசன் எழுதிவைத்த விதி, அக்காவின் தோசைக்கல்லுக்கு முன்னால் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

பிள்ளைகளைத் தடுக்கிவிடுவது விதி இல்லை, சொல். 'இறுதிநிலை' என்றதும் தமிழ்க் காதுக்கு ஏதோ முடிந்துபோன மாதிரி, கடைசிப் பந்தி மாதிரிக் கேட்கிறது. பொருளியலில் அதன் பொருள் வேறு: இப்போது இருப்பதோடு இன்னும் ஒன்றைச் சேர்த்தால் என்ன கூடும், என்ன குறையும். இறுதிநிலைப் பயன்பாடு என்றால் இன்னும் ஒரு தோசை தரும் திருப்தி. இறுதிநிலைச் செலவு என்றால் இன்னும் ஒரு தோசை சுட ஆகும் செலவு. இறுதிநிலை வருவாய் என்றால் இன்னும் ஒன்றை விற்றால் வரும் காசு. புத்தகத்தில் எங்கெல்லாம் 'இறுதிநிலை' வருகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் 'இன்னும் ஒன்று' என்று எழுதிக்கொள்ளச் சொல்வேன். முதலாண்டுப் பாடத்தின் பாதிக் கதவு அந்த ஒரு சாவியில் திறக்கிறது.

உப்பு ஜாடி

ஆடம் ஸ்மித் 1776-இல் ஒரு புதிரைப் போட்டுவிட்டுப் போனார். தண்ணீர் இல்லாமல் உயிர் இல்லை, ஆனாலும் அதற்கு விலை இல்லை. வைரத்தால் ஒரு பயனும் இல்லை, அதற்கு அவ்வளவு விலை. ஏன்? இந்தப் புதிர் அவிழ ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. வைரத்தை அடுப்படியில் காட்ட முடியாது. அதனால் நான் அஞ்சறைப் பெட்டியைத் திறக்கிறேன். உப்பு இல்லாத சமையல் உண்டா? ஏலக்காய் இல்லாமல் வருடம் முழுக்கச் சமைக்கலாம். ஆனாலும் ஏலக்காயை எண்ணிப் போடுகிறோம், உப்பை அள்ளிப் போடுகிறோம்.

விலை, மொத்தப் பயன்பாட்டைப் பார்த்து அமைவதில்லை. கையில் இருப்பதோடு இன்னும் ஒரு பிடி சேர்ந்தால் அந்தப் பிடிக்கு என்ன மதிப்பு என்பதைப் பார்த்து அமைகிறது. ஜாடி நிறைய உப்பு இருக்கும்போது இன்னொரு பிடிக்கு மதிப்பே இல்லை. ஏலக்காயோ நாலே நாலு இருக்கிறது, ஐந்தாவதற்கு மதிப்பு உண்டு. இதைப் புரிந்துகொண்ட பிள்ளை புதிரை மட்டும் அவிழ்க்கவில்லை, 1870-களில் பொருளியலே திரும்பிய திருப்பத்தில் நின்று பார்த்துவிட்டது.

அதே ஜாடி தேவை நெகிழ்ச்சியையும் சொல்லித் தருகிறது. உப்பு விலை இரண்டு மடங்கானால் சாம்பாரில் பாதி உப்பா போடுவோம்? விலை ஏறினாலும் வாங்கும் அளவு குறையாத பொருள் அது, நெகிழ்ச்சியற்ற தேவை. அப்படிப்பட்ட பொருளின்மேல் வரி போட்டால் மக்களால் தப்பிக்க முடியாது, ஏழையின் கஞ்சியிலிருந்தும் வரி வந்துவிடும். வெள்ளையர் ஆட்சி உப்பின்மேல் கை வைத்ததற்கும், 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததற்கும் இடையில் இந்த நெகிழ்ச்சிக் கணக்கு இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் வேதாரண்யம் ஒரு தேதி. பொருளியல் படித்தவருக்கு அது ஒரு காரணமும் கூட.

புளித்த மாவு, புது மாவு

புத்தகத்தின் முதல் பாடத்திலேயே, பொருளியல் என்றால் என்ன என்பதற்கு நான்கு இலக்கணங்கள் வரும். ஸ்மித்தின் செல்வ இலக்கணம், 1890-இல் மார்ஷலின் நல இலக்கணம், 1932-இல் ராபின்ஸின் பற்றாக்குறை இலக்கணம், 1948-இல் சாமுவேல்சனின் வளர்ச்சி இலக்கணம். பிள்ளைகள் நான்கையும் நான்கு மனப்பாடச் செய்யுள் போலப் படிக்கிறார்கள். ஒரே அடுப்படிக்குள் நான்கு பேர் நுழைகிறார்கள் என்று நினைத்தால் போதும். ஸ்மித் நேராக அரிசிப் பானையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார். மார்ஷல், சாப்பிடுகிறவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்கிறார். சாமுவேல்சன் இன்றைய சாப்பாட்டோடு அடுத்த வருடத்து விதைநெல்லையும் விசாரிக்கிறார். ராபின்ஸ்தான் அக்காவின் முகத்தைப் பார்க்கிறார்: இரண்டு பர்னர், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று, பள்ளிப் பேருந்து வர நாற்பது நிமிடம், கேட்கிறவர்கள் நாலு பேர், நாலு விதமாய்க் கேட்கிறார்கள். தேவைகள் எண்ணற்றவை, வழிகள் குறைவு, அந்த வழிகளையும் வேறு வேலைக்குத் திருப்பலாம். என் சாய்வு ராபின்ஸ் பக்கம். அவரைப் பிடித்தால் மீதிப் பாடங்கள் தானாக வரிசையில் வந்து நிற்கின்றன.

ஒரு லிட்டர் பால் இருக்கிறது. உறை ஊற்றினால் தயிர், ஊற்றாவிட்டால் காபி. தயிரின் விலை என்ன என்று கேட்டால் பால் பாக்கெட்டின் விலையைச் சொல்கிறோம். பொருளியல் சொல்லும் விலை, குடிக்காமல் விட்ட காபி. வாய்ப்புச் செலவு என்பது இதுதான்.

இதையே வரைந்தால் உற்பத்தி வாய்ப்பு வளைகோடு. அது ஏன் நேர்கோடாக இல்லாமல் வெளிப்பக்கமாக வளைகிறது என்று கேட்கிற பிள்ளை, வகுப்புக்கு ஒன்றாவது இருக்கும். அதற்கு அக்காவின் மாவுப் பாத்திரங்கள்தான் விடை. ஒன்றில் இன்று பொங்கிய புது மாவு, இட்லிக்கு அருமை. இன்னொன்றில் மூன்றாம் நாள் புளித்த மாவு, தோசைக்கு அருமை. எல்லாவற்றையும் தோசையாகச் சுட்டுக்கொண்டிருந்த வீட்டில் கொஞ்சம் இட்லி வேண்டும் என்றால், முதலில் புது மாவை எடுப்போம். நிறைய இட்லி கிடைக்கும், பெரிதாகத் தோசை குறையாது. இன்னும் இட்லி, இன்னும் இட்லி என்று போனால் புளித்த மாவையும் இட்லித் தட்டில் ஊற்ற வேண்டிவரும். அது கல்லாகும். நல்ல முறுகலான தோசைகளை இழந்து நாலு கல் இட்லி கிடைக்கும். ஒவ்வொரு கூடுதல் இட்லிக்கும் நாம் விட்டுக்கொடுக்கும் தோசை கூடிக்கொண்டே போவதால் கோடு வளைகிறது. எல்லா நிலமும் நெல்லுக்கு ஏற்றதில்லை, எல்லாக் கையும் தறிக்கு ஏற்றதில்லை என்பதே இதன் பெரிய வடிவம்.

உற்பத்திப் பாடத்துக்குத் தீபாவளி முறுக்கு போதும். ஒரே அடுப்படி, ஒரே வாணலி. ஒருவர் சுட்டால் மணிக்கு 40. பிழிய ஒருவர், எடுக்க ஒருவர் என்றானதும் 100. மூன்றாவது ஆள் மாவு பிசைந்தால் 150. நாலாவது ஆள் வந்தால் 180. ஐந்தாவது ஆள் வந்தும் 180தான். ஆறாவது ஆள் வந்தால் கை இடித்து எண்ணெய் சிந்தி 160. ஆள் கெட்டிக்காரரா என்பது இதில் வரவே இல்லை. வாணலி ஒன்று என்பதுதான் எல்லாம். மாறும் விகித விளைவு விதி முடிந்தது.

உப்பு மட்டும் போட்டுப் பார்

'பிற காரணிகள் மாறாதிருக்கும்போது' என்று ஒரு தொடர் ஒவ்வொரு விதிக்கும் முன்னால் வந்து நிற்கும். அதை விட்டுவிட்டு எழுதினால் மதிப்பெண் குறையும் என்பதால் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அது சடங்குத் தொடர் இல்லை. சாம்பாரில் ஏதோ குறைகிறது. உப்பா, புளியா, காரமா? மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் சாம்பார் தேறலாம், ஆனால் எது குறைந்தது என்று கடைசிவரை தெரியாது. உப்பை மட்டும் போட்டு, கரண்டியால் உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்கிறாள் அக்கா. பொருளியலாளரிடம் அடுப்பு இல்லை, ஊரை நிறுத்திவைத்து விலையை மட்டும் மாற்றிப் பார்க்க முடியாது. அதனால் மனதுக்குள் மற்றதையெல்லாம் அசையாமல் நிறுத்திவைக்கிறார். அந்தத் தொடர்தான் இந்தப் பாடத்தின் ஆய்வுக்கூடம்.

இதைப் பிடித்தால், தேர்வில் வருடா வருடம் பிள்ளைகள் சறுக்கும் ஒரு இடம் தெளிந்துவிடும்: கோட்டின்மேல் நகர்வதும், கோடே நகர்வதும். ஆட்டுக்கறி விலை ஏறியதால் ஒரு கிலோவுக்குப் பதில் அரைக் கிலோ வாங்கினால், அது அதே தேவைக் கோட்டின்மேல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போவது. புரட்டாசி பிறந்ததால் பல வீடுகளில் கறியே வாங்கவில்லை என்றால், அது கோடே இடப்பக்கம் நகர்வது. விலை அப்படியே இருந்தாலும், குறைந்தாலும்கூட வாங்க மாட்டார்கள். மாறியது விலை இல்லை, மாதம்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். வரத்து குறைந்தது, அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்ந்தது, விலை ஏறியது. வீடுகள் தேவைக் கோட்டின்மேல் மேலே நகர்ந்தன. அக்கா ரசத்தில் தக்காளியைக் குறைத்துப் புளியைக் கூட்டினாள். உடனே புளியின் தேவைக் கோடு வலப்பக்கம் நகர்கிறது. சென்னையில் நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு தக்காளி விற்றது. "இத்தனைக்குமேல் விற்கக் கூடாது" என்று ஆணை போடுவதும், அரசே கொள்முதல் செய்து குறைந்த விலைக்குத் தானே விற்பதும் வரைபடத்தில் ஒன்றா வேறா? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டால் ஒரு முழுப் பாடவேளை போகும். போகட்டும் என்றுதான் நான் விடுவேன். முதலாவதில் பற்றாக்குறை பிறக்கும், கடைக்குப் பின்னால் வேறு விலையில் வியாபாரம் நடக்கும். இரண்டாவதில் அரசு தன் கையிலிருந்து செலவழிக்கிறது.

ஒட்டன்சத்திரத்துப் பிள்ளைகளுக்குக் காய்கறி மண்டிதான் வகுப்பறை. விளைச்சல் அமோகமாக இருந்த வருடத்தில் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நல்ல விளைச்சலில் ஏன் விவசாயிக்கு நஷ்டம்? உப்பு ஜாடியைத்தான் திரும்பவும் எடுக்க வேண்டும். தக்காளி மலிந்தது என்பதற்காக ரசத்தில் இரண்டு மடங்கு போடுவதில்லை. 100 பெட்டியைப் பெட்டி 500 ரூபாய்க்கு விற்றால் 50,000. விலை பாதியாகி 250-க்கு வந்தும், ஊர் கூடுதலாக வாங்குவது பத்துப் பெட்டிதான் என்று வைத்துக்கொண்டால், 110 பெட்டிக்கு 27,500. அதிகம் விளைவித்தவர் கையில் குறைவாக வருகிறது. பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் போனால் கொட்டுவதே லாபம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "அப்பா அன்னைக்கு ஏன் பேசவே இல்லைன்னு இப்பத்தான் தெரியுது டீச்சர்" என்றான். அதற்குப் பிறகு நான் நெகிழ்ச்சிப் பாடத்தை அவசரமாக நடத்தியதே இல்லை.

வரைபடம் பற்றி ஒரு வார்த்தை. கணக்குப் பாடத்தில் எது எதைச் சார்ந்ததோ அது செங்குத்து அச்சில் வரும். இங்கே அளவுதான் விலையைச் சார்ந்தது என்று சொல்லிவிட்டு, விலையைக் கொண்டுபோய்ச் செங்குத்து அச்சில் வைக்கிறோம். இது மார்ஷல் காலத்து வழக்கம், அப்படியே நின்றுவிட்டது. "இது தப்பாச்சே" என்று குழம்புகிற பிள்ளை சரியாகத்தான் யோசிக்கிறது. அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

தேவை என்ற சொல்

பேச்சில் 'தேவை' என்றால் வேண்டியது. பசித்தவருக்குச் சோறு தேவை. பொருளியலில் அப்படி இல்லை. விருப்பம் இருக்க வேண்டும், வாங்கும் சக்தி இருக்க வேண்டும், அந்தக் காசைக் கொடுக்க மனமும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் தேவை. அப்படியானால் கையில் காசில்லாமல் ஹோட்டல் வாசலில் நிற்பவரின் பசி, அந்த வரைபடத்தில் எந்தப் புள்ளியிலும் இல்லை. இதை மாணவர்கள் இரண்டு மதிப்பெண் வினாவாகக் கடந்துபோவதை நான் விடுவதில்லை.

1943 வங்கப் பஞ்சத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது சிறுவனாக அதைப் பார்த்த அமர்த்தியா சென், 1981-இல் வெளியிட்ட நூலில் காட்டியது இது: அந்த ஆண்டு மொத்த உணவு, முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட அவ்வளவு மோசமாகக் குறைந்துவிடவில்லை. கூலியை முந்திக்கொண்டு அரிசி விலை ஏறியதால், கிராமத்துக் கூலித் தொழிலாளர்களாலும் மீனவர்களாலும் வாங்க முடியாமல் போனது. சோறு இருந்தது, அவர்களின் 'தேவை' சந்தைக்குக் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி தருவதை 'இலவசம்' என்று ஒற்றைச் சொல்லில் பேசி முடிக்கிறவர்களிடம், இந்த வரையறையை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லத் தோன்றும். அதன் செலவு பற்றியும் அது சரியானவர்களைச் சேர்கிறதா என்பது பற்றியும் வாதிடலாம், வாதிட வேண்டும். ஆனால் விலைக் கோட்டுக்கு வெளியே நிற்கும் பசியைக் கோட்டுக்குள் கொண்டுவருவது அது.

பன்னிரண்டாம் வகுப்பில் அடுப்படி போதாது

முதலாண்டு, ஒரு வீடு, ஒரு சந்தை என்று பார்க்கும் நுண்ணியல். இரண்டாமாண்டு, முழு நாட்டையும் சேர்த்துப் பார்க்கும் பேரியல். பிளஸ் ஒன்னில் நன்றாக எழுதிய பிள்ளைகள் பிளஸ் டூவில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். காரணம் இருக்கிறது. இதுவரை கைபிடித்துக் கூட்டிவந்த அடுப்படி, இந்த இடத்தில் பாதி வழிதான் வரும்.

தேசிய வருமானம்வரை வரும். நெல் 20 ரூபாய்க்கு விற்றது, அரிசியாகி 35, மாவாகி 50, ஹோட்டலில் இட்லியாகி 80 என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் கூட்டினால் 185. ஆனால் ஊரில் உருவானது 80 ரூபாய் இட்லி மட்டும்தான், நெல்லும் அரிசியும் மாவும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒவ்வொரு கையிலும் கூடிய மதிப்பை மட்டும் கூட்டிப் பாருங்கள்: 20, 15, 15, 30. அதுவும் 80. இருமுறை கணக்கிடுதலைத் தவிர்ப்பது இப்படித்தான்.

அதற்கடுத்த படியில் அடுப்படி தடம் மாறிவிடுகிறது. ஒரு வீடு சிக்கனமாக இருந்தால் அந்த வீட்டுக்கு நல்லது. ஊரே ஒரே மாதத்தில் சிக்கனத்தில் இறங்கினால்? பூக்காரம்மா, தையல்காரர், டீக்கடை என எல்லோருக்கும் வரும்படி குறையும். அவர்களும் செலவைச் சுருக்குவார்கள். முடிவில் ஊரின் மொத்தச் சேமிப்பே கூடாமல் போகலாம். என் செலவு இன்னொருவர் வருமானம். 1936-இல் பொருளியலாளர் கீன்ஸ் எழுதிய நூல் நிற்பது இந்த ஒரு வாக்கியத்தின்மேல். ஒரு வீட்டுக்குச் சரியானது எல்லா வீட்டுக்கும் சேர்த்துச் சரியாக இருக்க வேண்டியதில்லை என்பதை மனம் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடிக்கும். பேரியல் படிப்பது என்றாலே அந்தப் பழக்கத்துக்கு மனதைக் கொண்டுவருவதுதான்.

பெருக்கியும் இதே ஓட்டம். ஒருவர் கைக்கு 1,000 ரூபாய் வருகிறது. 800 ரூபாய்க்கு மளிகை வாங்குகிறார். மளிகைக்காரர் அதில் 640-ஐச் செலவழிக்கிறார், அடுத்தவர் 512. இப்படியே போனால் மொத்தம் 5,000-ஐ நெருங்கும். இறுதிநிலை நுகர்வு நாட்டம் 0.8 என்றால் பெருக்கி 5. இங்கேயும் 'இறுதிநிலை' வந்துவிட்டது பாருங்கள்: இன்னும் ஒரு ரூபாய் வந்தால் அதில் எத்தனை பைசா செலவாகும்? நிஜத்தில் வரியும் இறக்குமதியும் நடுவே ஒழுகுவதால் பெருக்கி இவ்வளவு பெரிதாக இருக்காது. நியூசிலாந்துக்காரரான பில் ஃபிலிப்ஸ் 1949-இல் லண்டன் பொருளியல் கல்லூரியில் இந்த ஓட்டத்தை ஒரு தண்ணீர் இயந்திரமாகவே செய்துகாட்டினார். வருமானம் தொட்டியிலிருந்து தொட்டிக்கு ஓடும். சேமிப்பும் வரியும் இறக்குமதியும் தனிக் குழாய்களில் பிரிந்து போகும், முதலீடும் அரசின் செலவும் ஏற்றுமதியும் வேறு குழாய்களில் திரும்பி வந்து சேரும். அந்தப் படத்தை ஒருமுறை பார்த்த பிள்ளைக்கு வருமானத்தின் வட்ட ஓட்டம் மறக்காது.

அரசின் வரவுசெலவுத் திட்டத்தை வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பேசுவது நமக்கு எளிதாக வருகிறது. ஓரிடத்தில் அது பொருந்தும். கடன் வாங்கி மாத மளிகை வாங்குவதும் கடன் வாங்கி மாவு அரைக்கும் கிரைண்டர் வாங்கி வியாபாரம் தொடங்குவதும் வேறு வேறு. வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு என்ற பிரிவு அதுதான். ஆனால் வீடு செலவைக் குறைத்தால் வீட்டின் வருமானம் குறையாது. அரசு குறைத்தால் மக்களின் வருமானம் குறையும், அதனால் அரசின் வரி வருமானமும் குறையும். ஒப்புமையை எங்கே இறக்கிவைக்க வேண்டும் என்று தெரிவதும் படிப்பில் சேர்ந்ததே.

பணவீக்கப் பாடத்துக்கு ஒரு சின்னச் செய்தி. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு 45.86 சதவீதமாக இருந்தது. கிட்டத்தட்ட பாதிக் கூடை அடுப்படியிலிருந்து வந்தது. அதனால்தான் அந்தத் தக்காளி மாதமான 2023 ஜூலையில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதத்தைத் தொட்டது. ரிசர்வ் வங்கியின் இலக்கு 4. வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை ஏற்றினால் கடன் குறையும், தக்காளி விளையாது. இதை விளக்கி எழுதத் தெரிந்தால் ஐந்து மதிப்பெண் வினா ஒன்று கையில் இருக்கிறது.

தேர்வு முறை எளிது. எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. ஒரு மதிப்பெண் 20, பிறகு இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண்களில் ஏழேழு. மனப்பாடம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெயர், ஆண்டு, வரையறை மனதில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் வரைபடத்தை வரைந்துவிட்டு அதற்குக் கீழே உங்கள் வீட்டு உதாரணம் ஒன்றை எழுதுங்கள். ஒரு மாதம் வீட்டு வரவுசெலவை நோட்டில் எழுதிப் பார்த்த பிள்ளை, நூறு வழிகாட்டி புத்தகங்களைவிட அதிகம் தெரிந்து வருகிறது. மதிப்பெண் குறைந்ததால் இந்தப் பிரிவில் 'தள்ளிவிடப்பட்டோம்' என்று நினைத்து வருகிறவர்கள் என் வகுப்பில் பாதிப் பேர். நாட்டை யார் எப்படி நடத்துகிறார்கள் என்று கேள்வி கேட்கக் கற்றுத்தரும் பாடம் அவர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

கடைசிப் பத்தி இல்லாத நோட்டு

அக்கா மகளும் அப்படி ஒரு நோட்டுப் போட்டாள். பன்னிரண்டாம் வகுப்பில் தேசிய வருமானம் நடந்துகொண்டிருந்த சமயம், அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சித்தி, ஹோட்டல் இட்லி கணக்குல வருது. அம்மா சுடுற இட்லி ஏன் வரலை?"

காசு கைமாறவில்லை, அதனால் வரவில்லை என்றேன். 1920-இல் பிகு என்ற ஆங்கிலப் பொருளியலாளரே இதை எடுத்துக்காட்டினார்: சம்பளத்துக்கு வீட்டுவேலை செய்யும் பெண்ணை அந்த வீட்டுக்காரர் மணந்துகொண்டால், அதே வேலை அப்படியே நடக்கும், தேசிய வருமானம் மட்டும் குறையும். 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். அதைச் செய்த ஆண்கள் 97 நிமிடம். 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வரத் தொடங்கியது. அதுவும் எந்தப் பொருளுக்கோ வேலைக்கோ ஈடாக வராத மாற்றுச் செலுத்தல் என்பதால் தேசிய வருமானத்தில் சேராது.

அவள் ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்து அம்மாவின் நேரத்தைக் குறித்திருந்தாள். காலை ஐந்தரையிலிருந்து எட்டு, மதியம் ஒன்றரை மணி நேரம், இரவு சேர்த்து நாளுக்கு ஐந்தேமுக்கால் மணி.

"இதுக்கு என்ன விலை போடுறது?"

இரண்டு வழி இருக்கிறது என்று சொன்னேன். அம்மாவுக்குப் பதில் ஒரு சமையல் ஆளை வைத்தால் என்ன சம்பளம் கொடுக்க வேண்டும் என்று பார்க்கலாம். அல்லது, அந்த நேரத்தில் அம்மா வெளியே வேலை பார்த்திருந்தால் என்ன சம்பாதித்திருப்பாள் என்று பார்க்கலாம். இரண்டும் ஒரே தொகை தராது.

"அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி மில்லுல இருந்தாங்கல்ல?"

"ஆமா. மேஸ்திரி ஆக்குறதா இருந்தாங்க."

அவள் திரும்பி அடுப்படியைப் பார்த்தாள். அக்கா நாளைக்கு ஊறப்போட அரிசியும் உளுந்தும் அளந்துகொண்டிருந்தாள், நாலுக்கு ஒன்று. நோட்டில் ஏற்கெனவே வரவு, செலவு என்று இரண்டு பத்திகள் இருந்தன. அளவுகோலை வைத்து மூன்றாவதாக ஒரு கோடு போட்டாள், கொஞ்சம் தள்ளி நான்காவதாக இன்னொன்று. மூன்றாவதின் தலையில் 'சமையல் ஆள்' என்று எழுதினாள். நான்காவதில் 'மில்' என்று எழுதிவிட்டு, "அம்மா, அப்ப உனக்கு என்ன சம்பளம்?" என்று கேட்டாள்.